ஒரு முத்துகூடக் காட்டாத மாரி

அம்மனை நம்பியிருக்கிற உங்களுக்கு முதலில் என் வலது கையைக் காட்டிவிட்டுத்தான் பேச வேண்டும். நடுவிரல் முழுசாக மடங்காது. உள்ளங்கையில் நீளமாக ஒரு தழும்பு. இந்தக் கையே இல்லாமல் போயிருக்க வேண்டியது.

சுதந்திரம் வந்து எட்டொன்பது வருஷம் இருக்கும். ஜோகுபாளையத்தில் குடியிருந்தோம். அல்சூரில் ஒரு பங்களாவில் எனக்குத் தோட்டவேலை. ஆடித் திருவிழாவில் தீச்சட்டி எடுப்பதாக மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு காப்புக் கட்டியிருந்தேன். மறுநாள் ரோஜாச் செடியைக் கழிக்கும்போது நடுவிரலில் முள் ஏறியது. தோட்டக்காரனுக்கு முள்ளெல்லாம் ஒரு விஷயமா? பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தேன்.

இரண்டு நாளில் விரல் முழுக்க வீங்கி, கொக்கி மாதிரி வளைந்து நின்றது. நிமிர்த்த முடியவில்லை. குளிர் காய்ச்சல் வேறு. காப்புக் கட்டியவனுக்குக் காய்ச்சல் என்றால் எங்கள் ஆட்களுக்கு வேறு யோசனையே வராது. ஆத்தா இறங்கிவிட்டாள் என்று அண்ணன் வாசலில் வேப்பிலை செருகினார். அம்மை கண்ட வீட்டில் மருந்து கூடாது, ஊசி கூடவே கூடாது. ஆஸ்பத்திரி என்று வாயெடுத்த என் மனைவி பச்சையம்மாளை அண்ணன் திட்டித் தீர்த்தார். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினார்கள். வீக்கம் மணிக்கட்டைத் தாண்டியது. காப்புக் கயிறு சதைக்குள் புதைந்தது. திருவிழா முடியாமல் அதை அவிழ்க்கவும் கூடாது. முழங்கையை நோக்கிச் சிவப்பாக ஒரு கோடு ஏறியது.

பயந்துபோனேன். கோபமும் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். கையில்லாத தோட்டக்காரனை எவன் வைத்துக்கொள்வான்? பாயில் கிடந்தபடி ஆத்தாவிடமே சண்டை போட்டேன்.

"தாயே, நீ வந்திருந்தா ஒரு முத்தாவது காட்டு, பேசாம கெடக்கிறேன். வரலைன்னா என்னைப் போக வுடு."

பச்சையம்மாள் காதில் அது விழுந்தது. என் சட்டையைக் கழற்றி மார்பு, முதுகு, கால் என்று தடவித் தடவிப் பார்த்தாள். அம்மை முத்து ஒன்றுகூட இல்லை. உடனே கோயிலுக்கு ஓடிப் பூசாரியைக் கூட்டி வந்தாள். காப்பைக் கட்டியவர் அவர். அவிழ்க்கிற உரிமையும் அவருக்குத்தான். அவரும் என் உடம்பைப் பார்த்துவிட்டு அண்ணனிடம் திரும்பினார்.

"முத்து எங்கடா? இது ஆத்தா இல்ல, சீழு. போய் வண்டியக் கூப்புடு."

கற்பூரம் ஏற்றி, அவளிடம் உத்தரவு கேட்டு, கயிற்றை அறுத்தார். அண்ணன் ஓடிப்போய் ஜட்கா பிடித்து வந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் விரல் நுனியை லேசாகத்தான் தூக்கினார். கூரை அதிரக் கத்தினேன். அவருக்கு அதுவே போதும். விரலை மடக்குகிற தசைநாரைச் சுற்றிய உறைக்குள் சீழ் பிடித்து உள்ளங்கைக்கு இறங்கிவிட்டது, இப்போதே திறக்க வேண்டும் என்றார். மயக்கம் கொடுத்துக் கிழித்துக் கழுவினார்கள். பெனிசிலின் ஊசி விடாமல் போட்டார்கள். கையை உயரத் தூக்கிக் கட்டினார்கள். இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தால் கையை எடுத்திருப்போம், உயிருக்கும் உத்தரவாதம் இல்லை என்று காய்ச்சல் விட்ட பிறகுதான் சொன்னார். கேட்டதும் குழந்தை மாதிரி அழுதேன்.

அடுத்த ஆடியில் இதே கையால் தீச்சட்டி ஏந்தினேன். அண்ணன் வேப்பிலையோடு முன்னால் நடந்தார். இப்போதெல்லாம் தெருவில் யாருக்காவது விரல் வீங்கினால் நிமிர்த்திக் காட்டு என்பேன். முடியவில்லையென்றால் என் பேச்சுக்கு மறுபேச்சே கிடையாது, ஆஸ்பத்திரிதான்.

நீங்களும் அவளை நம்புங்கள். சண்டை போட்டாவது கேளுங்கள். பதில் வந்தபின் பாயில் கிடக்காதீர்கள். எனக்கு அவள் ஒரு முத்துகூடக் காட்டவில்லை. அதுதான் அவள் சொன்ன பதில்.