சிவப்பு எண் போட்ட படாக்

அபர்டீன் பஜார் ஆட்டோ ஸ்டாண்டில் பதினோரு வருஷமாக நிழல் கிடையாது. அதற்குக் காரணமானவனை, அங்கே ஆட்டோ ஓட்டுகிற ஐயாவு ஒரு நாள்கூட மன்னித்ததில்லை. பேர் பன்னீர்செல்வம்.

ராமநாதபுரத்திலிருந்து பத்தொன்பது வயதில் கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்து, ஓர் அரசு ஆபீசில் மஸ்தூராக, அதாவது எடுபிடிக் கூலியாளாக, ஒட்டிக்கொண்டவன். அதிகாரி இருமினாலே எழுந்து நிற்பான். ஊரில் டூரிஸ்ட்டுகள் பார்க்கவேண்டிய பெரிய மரங்களுக்கு வெள்ளையில் எண் போடச் சொன்னார்கள். மெயின்லேண்டிலிருந்து பெயின்ட் வரவேண்டிய கப்பல் தள்ளிப்போனது. இந்தப் புத்திசாலி மூலையில் கிடந்த சிவப்பு டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். வெட்டுகிற மரத்துக்குத்தான் சிவப்பு என்பது இங்கே நண்டுக்குக்கூடத் தெரியும்.

எட்டு மரத்துக்குப் போட்டான். அவன் தூரிகையும் கையுமாக ஸ்டாண்டில் நின்றதை ஐயாவு கண்ணால் பார்த்தான். மறுவாரம் ஸ்டாண்டின் தூங்குமூஞ்சி மரம் வெட்டுப்பட்டு லாரியில் போயிற்று. நடுபஜாரில் வைத்து அவனை வாய்க்கு வந்தபடி கிழித்தான் ஐயாவு. பன்னீர்செல்வம் தலையைக் குனிந்துகொண்டு போனான். ஆபீசில் தன் தப்பைப் பற்றி மூச்சு விடவில்லை. கரண்டு கம்பிக்காக வெட்டியதாக ஃபைலில் எழுதிக்கொண்டார்கள்.

மிச்ச மரங்களில் சிவப்பைச் சுரண்டி வெள்ளை அடித்தான். பத்துபஸ்தி மேட்டிலிருக்கும் படாக் மரத்துக்கு மட்டும் போகவில்லை. ஏறினால் மூச்சு வாங்குகிறதாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை டூரிஸ்ட் வந்தால் அதே மேட்டில் குதித்து ஏறுவான். “ஆறு பேர் கை கோத்தாத்தான் கட்டிப்பிடிக்கலாம்” என்பான். சிவப்பு எண்ணைப் பற்றிக் கேட்டால், “விஐபி நம்பர்!” என்பான். அவர்களை ஏற்றிவருகிற ஐயாவு காறித் துப்புவான்.

போன மாதம் ரோட்டை அகலப்படுத்த ஆள் வந்தது. பன்னீர்செல்வம் ஸ்டாண்டுக்கு ஓடிவந்தான்.

“தம்பி, வண்டியை எடு. படாக்கை வெட்ட வந்துட்டாங்க.”

“யோவ், ரிட்டயர் ஆக இன்னும் இருபது நாள்தான். இப்பப் போயி வாயைத் தொறந்தா விசாரணை வச்சு பென்ஷனை நிறுத்திருவான். பொத்திக்கிட்டு இரு. உனக்குப் பழக்கந்தானே?”

பன்னீர்செல்வம் வண்டியில் ஏறி உட்கார்ந்தான்.

மேட்டில் ரம்பத்தை ஓடவிட்டிருந்தார்கள். பன்னீர்செல்வம் சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றான்.

“யே நம்பர் மைனே லிக்கா, சாப். கல்தி மேரா ஹை” என்று, சிவப்பில் எண் எழுதிய குற்றத்தைத் தன் தலையிலேயே போட்டுக்கொண்டான்.

வாய்ப்பேச்சு ஆகாது, எழுதிக் கொடு, நீ எண் போட்டதைப் பார்த்தவன் ஒருத்தன் நடந்ததை எழுதிச் சாட்சிக் கையெழுத்தும் போடவேண்டும், இரண்டு மணிவரைதான் ரம்பத்தை நிறுத்துவேன் என்றான் சூப்பர்வைசர்.

பன்னீர்செல்வம் வேரில் குந்தி எழுதினான். கோழிக் கிறுக்கல். பதினோரு வருஷத்துக்கு முன்னால் முளைத்திருக்க வேண்டிய முதுகெலும்பு என்று நினைத்துக்கொண்டான் ஐயாவு. காகிதம் அவனிடம் வந்தது.

“நீதானே பார்த்தே. அன்னிக்கு நடந்ததை எழுதிக் குடு.”

“பஜார்ல உன்னைக் கேட்டதெல்லாமா எழுதச் சொல்றே? உன் அப்பன் ஆத்தாளைக்கூட விடலையேய்யா நான்.”

“அதையும் எழுது தம்பி. வார்த்தை மாறாம எழுது. அப்பத்தான் நம்புவாங்க.”