சாமைக் கொல்லையில் பத்து நாள்

களைக்கொல்லித் தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு என் கணவர் சாமைக் கொல்லையில் இறங்கிய காலையில், அவருடைய தங்கை குறுக்கே வந்து நின்றது இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. இடுப்பில் சொருகிய புடவை, கையில் களைக்கொத்து. அண்ணனைவிட ஒரு முழம் குள்ளம். ஆனால் அன்றைக்கு அண்ணன்தான் அவளை அண்ணாந்து பார்ப்பது போல எனக்குத் தோன்றியது.

“இத்த அடிச்சா என் மாடு இன்னாத்தண்ணா துன்னும்?” என்றாள்.

நாத்தனார் எங்களுக்குப் பக்கத்து வீடு. அவள் வீட்டுக்காரர் திருப்பூரில் வேலை செய்தார். நிலம் கிடையாது, ஒரே ஒரு சினைமாடு. இரண்டு பிள்ளைகளின் சோறும் படிப்பும் அதன் மடியில்தான் இருந்தன. வருடா வருடம் எங்கள் கொல்லையில் களையெடுத்து, அந்தக் களையையே மாட்டுக்குக் கட்டிக்கொண்டு போவாள். அந்த வருடம் மழை தள்ளிப்போனதில் மலையில் புல் காய்ந்துவிட்டது, வைக்கோலும் தீரும் நிலை. “மாட்ட ஒடுகத்தூர் சந்தையில வித்துட்டு நிம்மதியா இரு” என்றார் என் கணவர். அவள் அசையவில்லை. “பத்து நாள் குடு. ஒரு களை நின்னாலும் அடிச்சிக்கோ.”

இவர் மேல் இருந்த எரிச்சலில் நானும் கூட இறங்கினேன். நான் ஆலங்காயத்துக்காரி. களை என்றால் பிடுங்கி வரப்பில் எறிவது என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். அவளோ தொய்யக்கீரை, குப்பைக்கீரை, கானாவாழை என்று ஒவ்வொன்றையும் பேர் சொல்லி எடுத்தாள். மாட்டுக்கு ஆகாத பார்த்தீனியத்தைத் தனியாகக் குழியில் போட்டாள். “களை பூ வெச்சிட்டா நாராப்பூடும் அண்ணி. எளசுலதான் சத்து.” பிடுங்கியதை நிழலில் வாட்டி, இருந்த கொஞ்சம் வைக்கோலோடு கலந்துதான் வைப்பாள்.

நான்காம் நாள் நான் கெட்டிக்காரத்தனம் செய்தேன். அவளுக்கு வேலை மிச்சமாகட்டும் என்று, முந்தின ராத்திரித் தூறலில் நனைந்த பச்சைக் களையை ஒரு கட்டு அப்படியே மாட்டின் முன்னால் போட்டேன். மத்தியானத்துக்குள் மாட்டுக்கு வயிறு உப்பிவிட்டது. நல்லெண்ணெய் புகட்டி, விடாமல் நடத்தி நடத்தி அவள்தான் காப்பாற்றினாள். இவர் சும்மா இருப்பாரா? “பாத்தியா, களைய நம்புனா இதான்” என்றார். “களை மேல தப்பு இல்லண்ணா. குடுத்த விதம் தப்பு.” அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் விடிந்ததும் கதவைத் தட்டினாள். “வர்றீங்களா அண்ணி? இன்னும் ஆறு நாள் வேலை கீது.”

பத்தாம் நாள் மத்தியானம் முடித்தோம். இவர் நாலு பக்கமும் சுற்றிப் பார்த்து, வரப்பில் ஒரு செடியைக் கண்டுபிடித்துச் சுட்டிக் காட்டினார். அதையும் பிடுங்கிக் களைக் கட்டில் சொருகிக்கொண்டு போனாள்.

இப்போது எங்கள் மலையில் பாதிக் கொல்லைகளில் மருந்துதான். ஆள் கிடைப்பதில்லை என்பது பொய்யும் இல்லை. ஆனாலும் எங்கள் கொல்லையில் ஒரு சொட்டு விழ நான் விட்டதில்லை, விடப்போவதும் இல்லை. அதற்குக் காரணம் அந்த மாடு கன்று போட்ட மறுநாள்.

சீம்பாலில் வெல்லம் போட்டு வேகவைத்து, தட்டில் கொண்டுவந்து முதல் துண்டை அண்ணன் கையில் வைத்தாள்.

“துன்னுண்ணா. நீ மருந்தடிக்கப் பாத்தது இதத்தான்.”

இவர் தின்றுவிட்டு, இன்னொரு துண்டுக்குக் கையை நீட்டினார்.