வாசலைப் பார்த்த இடையர்கள்

என் வீட்டுக்காரர் பிரான்சுக்குப் போனார்; அப்புறம் ஒரு தகவலும் இல்லை. வில்லியனூரில் தனியாக உட்கார்ந்து கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளுக்கு வர்ணம் அடித்தேன். எல்லா இடையருக்கும் முதலில் உடம்பு, காய்ந்ததும் உடுப்பு, கடைசியில் கண். வேலை சீக்கிரம் முடியும். எட்ட நின்று பார்த்தால் அழகாகவே இருக்கும்.

வாங்க வந்த பக்கத்துத் தெரு மேரியக்கா, குழந்தை ஏசுவை நடுவில் வைத்துச் சுற்றி அடுக்கினார்.

“இன்னாடி இது? ஒருத்தன்கூட குனிஞ்சு கொழந்தையப் பாக்கலியே. எல்லாம் வாசலையே பாக்குதுங்க!”

“கண்ண அழிச்சிட்டு மாத்தி எழுதறேன்க்கா.”

அக்கா நான் உட்கார்ந்து வர்ணம் அடிக்கும் பலகையைப் பார்த்தார். அதற்கு நேர் எதிரே திறந்து கிடந்த கதவைப் பார்த்தார்.

“வோணாம்டி. அப்பிடியே இருக்கட்டும்.”

ஒன்று விடாமல் எடுத்துப் போனார்.

இப்போதெல்லாம் வாசலுக்கு முதுகைக் காட்டித்தான் கண் எழுதுகிறேன். தெருவில் செருப்புச் சத்தம் கேட்டால் மட்டும் கை நின்றுவிடுகிறது.