சவுண்ட் இல்லாத ரீல்

இது நடந்த சம்பவம். கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொண்டு வேறு வேலையைப் பார்க்கலாம். 2024 டிசம்பர் 14, சனிக்கிழமை, இரவு மணி 7:10. இடம், தேனி பஜாரில் பொன்னுராஜின் பெயிண்ட் கடைக்கு மேல் இருக்கும் குடோன். கடை இன்றைக்கும் நடக்கிறது. மாடிக் கதவில் மட்டும் பூட்டு தொங்குகிறது.

பொன்னுராஜுக்கு வெற்றிலை, சிகரெட், சீட்டு எதுவும் கிடையாது. ஞாயிறு தவறாமல் சர்ச். ஒரே ஒரு பைத்தியம்தான். பழைய பேய்ப்படம். அதுவும் பெரிய கம்பெனிப் படமாக இருக்கக்கூடாது. கடன் வாங்கி, இருபது நாளில் எடுத்து முடித்து, இரண்டாவது வாரமே தியேட்டரை விட்டு ஓடிய படமாக இருக்க வேண்டும். வௌவாலைக் கட்டிய நூல் தெரிய வேண்டும். பேயின் கையில் வாட்ச் இருக்க வேண்டும். சாம்பிராணிப் புகைக்கு நடுவில் லைட்பாயின் கால் தெரிய வேண்டும். தெரிந்துவிட்டால் மனுஷன் நாற்காலியிலிருந்து துள்ளுவார். "பாரு, பாரு! பேயி செருப்பக் கழட்ட மறந்துருச்சு!" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார். அதைக் கேலி என்று நினைத்துவிட வேண்டாம். "கையில காசில்லாதவன் நம்மளப் பயமுறுத்த எம்புட்டுப் பாடுபடுறான், அத ரசிக்கணும்ல" என்பார். அவருக்கு அந்தப் படங்கள் மேல் நிஜமாகவே பாசம்.

குடோனில் பெயிண்ட் டின்களுக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டி, புரொஜெக்டர் வைத்து, சனிக்கிழமை தோறும் ஒரு படம் போடுவார். மகள் மகிமாவுக்கு ஐந்து வயதிலிருந்து அங்கே உட்கார வேண்டும் என்பது சட்டம். அவளோ பல்லிக்கே அலறுகிற பிள்ளை. "பயமா இருந்தா அப்பான்னு ஒரு சத்தம் குடு. நான் இங்கனதான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைப்பார். அவள் கத்தியதும் விளக்கைப் போட்டுவிடுவார். அதில் ஒருநாளும் ஏமாற்றியதில்லை. ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். படத்தைப் பார்ப்பதைவிட, பிள்ளை எந்த இடத்தில் துள்ளுகிறாள் என்று பார்ப்பதில்தான் அவருக்கு ருசி அதிகம். பெற்றவருக்கு இப்படி ஒரு ருசி இருக்கலாமா என்று அவர் மனைவி கிருபாவதி பலமுறை கேட்டிருக்கிறாள். மனுஷன் காதில் போட்டுக்கொண்டதில்லை.

அந்த வருஷம் நவம்பரில் கம்பத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் அவருக்கு ஒரு ரீல் டப்பா கிடைத்தது. மூடிப்போன தியேட்டரிலிருந்து சாமான்களோடு வந்தது. மூடியில் யாரோ பெயிண்டால் எழுதியிருந்தார்கள். 'சீன் 41. கிணறு. கே.கே.பட்டி. 1987.' கே.கே.பட்டி என்றால் கம்பத்துக்குப் பக்கத்திலுள்ள காமயகவுண்டன்பட்டி. நம்ம பள்ளத்தாக்கில் எடுத்து, பாதியில் நின்றுபோன பேய்ப்படம்! பொன்னுராஜுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே சென்னை லேபுக்கு அனுப்பினார். பத்து நாளில் பென்டிரைவில் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டு, லேப்காரர் போனில் சொன்னார்.

"சார், இதுல சவுண்ட் கிடையாது. அந்தக் காலத்துல படத்த மட்டும் எடுத்துட்டு வந்து, குரலைப் பிறகு இங்க வச்சுச் சேப்பாங்க. இதுக்குச் சேக்கவே இல்ல. பிக்சர் மட்டும்தான்."

மொத்தம் இரண்டு நிமிஷம், பத்து நொடி. ஒரே ஷாட். தோட்டத்துக் கிணறு. மேலேயிருந்து கேமரா பார்க்கிறது. தண்ணீருக்குள் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு பெண். வயது பத்தொன்பது, இருபது இருக்கலாம். கடைசி நாற்பத்தொரு நொடி அவள் மேலே பார்த்து வாயைத் திறக்கிறாள். மூடுகிறாள். திறக்கிறாள். பிறகு திரை வெள்ளையாகிவிடுகிறது.

பொன்னுராஜ் அதை முப்பது தடவைக்கு மேல் பார்த்தார். வாட்ச் இல்லை. நூல் இல்லை. நிழல் விழவில்லை. ஒரு தப்புகூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் பார்த்த நூற்றுக்கணக்கான படங்களில் இப்படி ஒன்று இருந்ததே இல்லை. அப்போதே அவர் யோசித்திருக்க வேண்டும்.

யோசிக்கவில்லை. அந்தக் காட்சிக்குக் குரல் சேர்க்க ஆசைப்பட்டார். இவரைப் போலவே கிறுக்குப் பிடித்த இருநூறு பேர் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் கிறிஸ்துமஸுக்கு வெளியிடுவதாக வாக்கும் கொடுத்துவிட்டார். கடையில் பில் போடும் சுபாஸ்ரீயைக் கத்தச் சொல்லிப் பார்த்தார். "கரப்பான்பூச்சியப் பாத்த மாதிரி கத்துதம்மா இது. வேணாம்" என்று அனுப்பிவிட்டார். பொய்யான அலறல் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. அவருக்கு அசல் வேண்டும்.

வீட்டிலேயே இருந்தது.

மகிமாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. தேனியில் பி.காம். இரண்டாம் வருஷம். சர்ச் பாடகர் குழுவில் அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவள்தான் தனியாகப் பாட வேண்டும். மூன்று வருஷம் காத்திருந்து கிடைத்த பாட்டு. குளிக்கும்போதும் பாடினாள், துணி மடிக்கும்போதும் பாடினாள்.

"தொண்ட கட்டிரும்ங்க. பாட்டு இருக்கு பிள்ளைக்கு" என்றாள் கிருபாவதி.

"ஒரே ஒரு கத்து. ரெண்டே நிமிசம்."

"எனக்குப் பயமா இருக்குப்பா" என்றாள் மகிமா.

"அதான் பாப்பா வேணும்!" என்று சிரித்தார் பொன்னுராஜ். "அப்பான்னு ஒரு சத்தம் குடு. கதவத் திறந்துருவேன். நான் இங்கனதான் இருப்பேன்."

அவள் நம்பினாள்.

மணி 7:05. குடோனுக்குள் ஒரு நாற்காலி, அதற்கு முன்னால் மைக். மைக் ஒயர் கதவுக்கு அடியில் வெளியே வந்து, படிக்கட்டில் வைத்த லேப்டாப்பில் முடிந்தது. புரொஜெக்டரில் பென்டிரைவ், ஒரு நிமிஷம் கழித்துத் தானாக ஓடும்படி. ஸ்பீக்கர் எதுவும் வைக்கவில்லை. சத்தமே இல்லாத படத்துக்கு ஸ்பீக்கர் எதற்கு?

7:09. விளக்கை அணைத்தார். கதவைச் சாத்தி, வெளியே தாழ்ப்பாள் போட்டார். தாழ்ப்பாள் போடப் போவதாக மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் பயம் குறைந்துவிடும் என்பது அவர் கணக்கு.

7:10. படம் ஓட ஆரம்பித்தது. பொன்னுராஜ் படியில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினார்.

முதலில் புரொஜெக்டர் விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் மகிமாவின் மூச்சு.

அப்புறம்...

சொட்...

சொட்...

பெயிண்ட் குடோனில் தண்ணீர் ஏது? குழாய்கூடக் கிடையாது. டின் எதுவும் ஒழுகுகிறதோ என்று நினைத்தார். எழுந்திருக்கவில்லை. எழுந்தால் படி கிறீச்சிடும், மைக்கில் விழும்.

7:11. மூச்சு இரண்டானது.

ஒன்று வேகமாக. இன்னொன்று, நனைந்த துணிக்குள்ளிருந்து வருகிற மாதிரி...

7:11, இருபத்தொன்பது நொடி.

"அப்பா!"

மகிமாவின் குரல்தான். பொன்னுராஜின் கை தாழ்ப்பாளுக்குப் போனது. அங்கேயே நின்றது.

ஏனென்றால் பிரமாதமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு அலறலை எந்தப் படத்திலும் அவர் கேட்டதில்லை. பாதியில் கதவைத் திறந்தால் டேக் வீணாகிவிடும்.

"அப்பா... அப்பா... அப்பா..."

அவர் சிரித்துக்கொண்டிருந்தார். ஆமாம், சிரித்துக்கொண்டிருந்தார். கையால் வாயைப் பொத்திக்கொண்டு, நாற்பத்தொரு நொடி.

7:12, பத்து நொடி.

சத்தம் நின்றது. சட்டென்று.

கதவைத் திறந்தார். திரை வெள்ளையாக இருந்தது. மகிமா நாற்காலியில் அப்படியே இருந்தாள். தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அவள் வாய் மட்டும் திறந்திருந்தது. மெதுவாக மூடினாள்.

"பின்னிட்ட பாப்பா! என்னம்மா... கோவமா?"

அவள் பதில் சொல்லாமல் அவரைத் தாண்டிப் படியிறங்கிப் போய்விட்டாள்.

கோபித்துக்கொண்டாள், காலையில் சரியாகிவிடுவாள் என்று நினைத்தார். சாப்பிட்டுவிட்டு மறுபடி மாடிக்கு வந்து, படத்தின் கடைசி நாற்பத்தொரு நொடியை மட்டும் வெட்டியெடுத்து, அந்தக் குரலைச் சேர்த்தார். சேர்க்க வேலையே இருக்கவில்லை. வாயசைவும் குரலும் இம்மி பிசகாமல் பொருந்தின. கிணற்றுப் பெண் வாயைத் திறந்தாள், "அப்பா" என்று வந்தது. மூடினாள், நின்றது. அந்தப் படத்தை முன்னே பின்னே பார்த்திராத மகிமா இவ்வளவு சரியாக எப்படிக் கத்தினாள்? அவர் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. மகிழ்ச்சி தாங்காமல் ராத்திரி ஒரு மணி வரை பதினோரு தடவை போட்டுப் பார்த்தார்.

காலை ஆறரைக்குக் கிருபாவதி ஒரு நோட்டோடு வந்து நின்றாள். மகிமாவின் கையெழுத்து.

'நான் கத்தலப்பா. கத்தத்தான் வாயத் திறந்தேன். சத்தம் வரல. அவ வாயில இருந்து வந்துச்சு. என் குரல். இப்பவும் எனக்கு வரல.'

தேனியில் இரண்டு டாக்டர், மதுரையில் ஒருவர். தொண்டை சரி, நரம்பு சரி, கோளாறு எதுவும் இல்லை என்றார்கள். இருபத்துநாலாம் தேதி ராத்திரி சர்ச்சில் அவள் பாட்டை வேறொரு பெண் பாடினாள். மகிமா வரிசையில் வாயை மூடிக்கொண்டு நின்றாள். நோட்டைக் காட்டிய நாளிலிருந்தே கிருபாவதி கணவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள்.

பொன்னுராஜ் அந்தப் படத்தை மறுபடி போடவில்லை. குரூப்புக்கும் அனுப்பவில்லை. அழிக்கவும் இல்லை. மகளின் குரல் இந்த உலகத்தில் அந்த ஓர் இடத்தில்தான் மிச்சம் இருந்தது. அதை எப்படி அழிப்பார்?

இருபத்தேழாம் தேதி, வெள்ளிக்கிழமை, அந்தக் கிணற்றுப் பெண் யாரென்று தெரிந்துகொள்ள, லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கே.கே.பட்டிக்குப் போனார். ஷூட்டிங் நடந்த கிணறு என்று கேட்டதும் ஒரு திராட்சைத் தோட்டத்தைக் காட்டினார்கள். கிணற்றின் மேல் இரும்பு வலை போட்டிருந்தது. பக்கத்துத் தென்னை நிழலில், கயிற்றுக் கட்டிலில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பெயர் சுருளியாண்டி. வயது எண்பதை ஒட்டி இருக்கும். படத்தைப் பற்றி விசாரித்ததும் அவர் வலைப் பக்கம் கையைக் காட்டினார்.

"அது எம்மக சார். பஞ்சம்மா. பேயா நடிக்க ஒரு பிள்ள வேணும்னு மெட்ராஸ்ல இருந்து வந்தாக. இவ மூஞ்சி பிடிச்சுப் போச்சு அவுகளுக்கு. இடுப்புல கயிறு கட்டி எறக்குனாக. கயிறு அவுந்துருச்சு. வாயத் திறந்து திறந்து மூடுனா. என்னமா நடிக்கிறா பாருன்னாக. நானும் மேட்டுல நின்னு சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். ரீலு தீந்த பெறகுதான் எறங்கிப் பாத்தாக..."

பொன்னுராஜ் கேட்டார். "அவ கத்துனது உங்களுக்கு... கேக்கலையா?"

"எங்கிட்டு சார் கத்துவா? அவ பெறவி ஊம. அதச் சொல்லித்தான் அனுப்புனேன். 'சத்தமெல்லாம் பெறகு நாங்க சேத்துக்குவோம், வாயத் திறந்து மூடுனாப் போதும்'னாக. அவளுக்கு அது ஒண்ணுதான வரும்."

பெரியவர் லேப்டாப்பைப் பார்த்தார்.

"இதுக்குள்ளயா இருக்கா? காட்டுங்க சார்."

மறுக்க முடியவில்லை. மணி 4:10. பொன்னுராஜ் கட்டிலில் லேப்டாப்பை வைத்து, கீபோர்டின் நீளப் பட்டனைத் தட்டினார். கிணறு வந்தது. பஞ்சம்மா வந்தாள். வாயைத் திறந்தாள்.

"அப்பா!"

பெரியவர் அசையவில்லை. அந்த முகத்தில் முதலில் பயம் வந்தது. பிறகு கண்ணீர் தாரையாக வழிந்தது. "பேசுறா சார்... எம்மக பேசுறா... என்னையக் கூப்புடுறா..."

அது என் மகளின் குரல் என்று சொல்லப் பொன்னுராஜ் வாயெடுத்தார். அதற்குள் பெரியவர் முந்திக்கொண்டார்.

"இன்னொருக்கா போடுங்க."

4:13. போட்டார்.

போன் அடித்தது. கிருபாவதி. பன்னிரண்டு நாளில் அவள் பேசிய முதல் பேச்சு.

"ஏங்க... எங்க இருக்கீக? பிள்ளைக்கு என்னமோ ஆகுது. வாயத் திறந்து திறந்து மூடுறா. மூச்செடுக்க முடியல... தண்ணிக்குள்ள கெடக்குற மாதிரி கையப் போட்டு அடிக்கிறா. நாலு மணிக்கு மேல இது ரெண்டாவது தடவ. குரல் போன அன்னைக்கி ராத்திரியும் தூக்கத்துல இப்புடித்தான்... பத்துப் பன்னண்டு தடவ... நான் கனவுன்னு நெனச்சேன்... இப்ப நின்னுருச்சு. மொகமெல்லாம் நீலமா இருக்குங்க..."

பொன்னுராஜ் திரும்பினார்.

சுருளியாண்டி லேப்டாப்பை மடிக்கு இழுத்துக்கொண்டிருந்தார். எந்தப் பட்டன் என்று பார்த்து வைத்திருந்தார்.

"பெரியவரே, வேணாம்..."

தட்டிவிட்டார்.

போனில் கிருபாவதி அலறினாள். லேப்டாப்பில் மகிமா "அப்பா" என்றாள்.

"இங்கனதான் இருக்கேன் ஆத்தா" என்றார் பெரியவர்.