மாமி கழுவிக் கொடுத்த ஜாடி

அறுபதுகளின் கடைசியில், காற்றில் எவ்வளவு தூசி இருக்கிறது என்று கணக்கெடுக்கும் ஆபீஸில் எனக்கு வேலை. ஆலைப்புகை சூழ்ந்த செம்பூரில் சில வீட்டு மொட்டைமாடிகளில் கண்ணாடி ஜாடி வைப்போம். மாதம் முழுக்க யாரும் அதைத் தொடக்கூடாது. பிறகு எடுத்துவந்து, உள்ளே விழுந்த தூசியை நிறுத்து எழுதவேண்டும்.

ஒரு தடவை ஜாடியை எடுக்கப் போனால், அந்த வீட்டு மாமி அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று நீட்டினாள். உள்ளே ஒரு பிடி சர்க்கரை வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தொடாதீங்கோன்னு எத்தனை தடவை சொன்னேன் மாமி! அந்த அழுக்குதான் எங்களுக்கு வேணும்."

"நன்னாருக்கே! அவ்வளவு கரியோட யாராவது பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பாளா? அதுவும் வெறுமனே?" என்றாள், இருமலுக்கு நடுவே.

சர்க்கரை ஆபீஸ் டீயில் கரைந்தது. பதிவேட்டில் மற்ற மாடிகளுக்கெல்லாம் எடை எழுதிவிட்டு, அந்த வீட்டுக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டேன்.

"அப்போ அந்த வீட்டுக் காற்றைப் பற்றி இந்த மாசம் நமக்கு ஒன்றுமே தெரியாதா?" என்று கேட்டார் மேலதிகாரி.

"தெரியாது சார்" என்றேன். அன்று நான் அந்த வீட்டுப் படியிறங்கித் தெருவுக்கு வரும்வரை மாமி இருமிக்கொண்டிருந்தது காதில் விழுந்திருந்தது. அதை எந்தத் தராசில் வைப்பது?