கரித்தூள் ஒட்டாத விரல்

எட்டாவதோடு புத்தகத்தை மூட்டை கட்டியவன் நான். ஆனால் இன்றைக்கு ஆழ்வார்பேட்டையில் எந்த அடுக்குமாடியின் மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறினாலும் அதில் என் கை இருக்கும். கருகிப்போன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவதில் என்னை மிஞ்ச இந்தப் பக்கம் ஆள் இல்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் இல்லை.

அப்படிப்பட்டவன் வீட்டில் போன வருஷம் ஒரு தகராறு. கடைசி மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு, எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங்தான் படிப்பேன் என்று நின்றாள். நான் கம்ப்யூட்டர் என்றேன். அவள் ஏசி அறையில் உட்கார வேண்டும். என்னைப்போல் நகக்கண்ணில் கிரீஸோடு சோறு தின்னக் கூடாது. கவுன்சலிங்குக்குக் கல்லூரிகளையும் படிப்புகளையும் வரிசைப்படுத்தி அனுப்ப இரண்டே நாள்தான் பாக்கி.

"எலெக்ட்ரிகல் நம்ம கடையிலயே கீது. அதுக்கு இன்னாத்துக்கு காலேஜி?"

"நீ கருகுன மோட்டாருக்குக் காயில் கட்டுற. நான் கருகாத மோட்டாரா செய்யப் போறேன் நைனா. அப்புறம் உன் கடைக்கு இன்னா வேல?"

வாய் அப்படியே என்னுடையது.

சரி, நேரில் பார்த்துவிடலாம் என்று கிளம்பினோம். அவள் ஒரு மாதமாக இணையத்தில் தேடி, அங்கங்கே படித்து முடித்தவர்களிடம் போனில் பேசி, ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்திருந்தாள். எனக்கு நோட்டு எதற்கு? கண் இருக்கிறது, மூக்கு இருக்கிறது.

முதலில் நான் மனதில் வைத்திருந்த இடம். தரமணி தாண்டி, கட்டடம் முழுக்கக் கண்ணாடி. வாசலிலேயே ஜூஸ் கொடுத்தார்கள். கம்ப்யூட்டர் அறையில் வரிசை வரிசையாகத் திரைகள். உடம்பு சிலிர்க்கும் குளிர். எனக்கு அங்கேயே முடிந்துவிட்டது. "இதான்மா" என்றேன். மகளோ, சுற்றிக் காட்ட வந்த ஆசிரியரிடம், "எலெக்ட்ரிகல் லேபையும் பாத்துடலாமா சார்?" என்றாள்.

அங்கே ஒரு டி.சி. மோட்டார். என் கை சும்மா இருக்குமா? குனிந்து, பக்கவாட்டுத் திறப்பில் விரலை விட்டுத் தடவினேன். ஓடுகிற மோட்டாரில் கார்பன் பிரஷ் தேய்ந்து கரித்தூள் படியும். என் விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. உள்ளே செம்பு, புதுக் குடம்போல் பளபளத்தது.

"சார், இத்த எப்ப வாங்குனீங்க?"

"நாலு வருஷம் ஆச்சு. ஸ்டூடண்ட்ஸ் டெய்லி யூஸ் பண்றாங்க."

"டெய்லி தொடைக்கிறாங்கன்னு சொல்லு சார். இது ஒரு நாளும் ஓடுனதில்ல."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

வாத்தியாரையே ஒற்றை விரலில் மடக்கிவிட்ட மிதப்பில் வெளியே வந்து ஸ்கூட்டரை எடுத்தேன். பின்னால் உட்கார்ந்த மகள் கேட்டாள்:

"மோட்டார தொட்டுப் பாத்து சொல்லிட்ட, செம. கம்ப்யூட்டர் ரூம்ல எத்த நைனா தொட்டுப் பாத்த?"

நான் வண்டியை ஸ்டார்ட் செய்வதில் மும்முரமானேன்.

"குளுகுளுன்னு இருந்துச்சு, அவ்ளோதான? அதுக்கு தி.நகர் துணிக்கடையே போதுமே."

நாற்பது வருஷத்தில் ஒரு வாடிக்கையாளரும் என்னை இப்படி மடக்கியதில்லை. பெயிண்டைப் பார்த்து மோட்டார் வாங்கிவிட்டு என்னிடம் வந்து அழுகிறவர்களை எத்தனை முறை திட்டியிருக்கிறேன்! அன்றைக்கு நானே அந்த ஆள்.

மறுநாள் அவள் நோட்டில் முதலாவதாக இருந்த பழைய கல்லூரிக்குப் போனோம். சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தது. ஜூஸ் கிடையாது. ஆனால் லேப் கதவைத் திறந்ததும் சூடான வார்னிஷ் வாசம், என் கடை வாசம்! நாலைந்து பிள்ளைகள் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டு வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். பக்கத்து மோட்டாரில் விரலை விட்டேன், கறுப்பாக வந்தது. மகளிடம் நீட்டிக் காட்டினேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு மாணவியிடம் போனாள்.

"கனெக்‌ஷன் நீங்களே குடுப்பீங்களாக்கா? இல்ல, சார் குடுக்க நீங்க வேடிக்கை பாப்பீங்களா?"

"நாங்கதான். தப்பா குடுத்து ஃபியூஸ் போனா மாத்துறதும் நாங்கதான்."

இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை, ஒப்புக்கொள்கிறேன். கேட்டவளைப் பெற்றவன் நான் என்பதையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறேன்.

அன்று சாயங்காலம் என் கடையில், என் ஸ்டூலில் உட்கார்ந்து, பில் போடும் கம்ப்யூட்டரில் கல்லூரி வரிசையை நிரப்பினாள். முதல் நாலும் எலெக்ட்ரிகல். ஐந்தாவதாக மட்டும் கம்ப்யூட்டர்.

"அது உனக்காக நைனா."

"எனக்கு இன்னாத்துக்கு? தூக்கிடு."

"இருக்கட்டும். நீ கடையில ஸ்பேர் வெச்சிக்கலியா?"

நானே அனுப்புகிறேன் என்று மவுஸ் பக்கம் கையை நீட்டினேன். "கிரீஸு, கிரீஸு!" என்று தட்டிவிட்டு, அவளே அனுப்பினாள்.