ஈப்போவில் நல்ல சோறு தேடிய பகல்

மலாயாவில் துணி மூட்டையோடு ரப்பர்த் தோட்டம் தோட்டமாகப் போய் விற்றுப் பிழைத்தவன் நான். தைப்பிங்கில் மழைக்கு ஒதுங்கிய கடையில் குடித்த மிளகு ரசம், லூமுட் படகுத்துறைப் பக்கத்து மீன் குழம்பு எல்லாம் எனக்கு அத்துப்படி. கடையின் முன்பக்கத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. கொல்லைப்பக்கம் போய்ச் சோறு வடிக்கிற இடத்தைப் பார்க்க வேண்டும். மாட்டு வண்டிகள் நிறைய நிற்கிற கடையில் சோறு ஆறிக் கிடக்காது. கூட வரும் வியாபாரிகள், "அண்ணே கூடப் போனா வயிறு வாடாதுலா" என்பார்கள். எனக்கு அதில் ஏகப்பட்ட கர்வம். "ஊருக்கு ஒரு மாமியார் வீடு வச்சிருக்காரு" என்று என் மனைவி கேலி செய்வாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நாங்கள் ஈப்போவுக்குப் பக்கத்தில் செமோரில் குடியிருந்தோம். மனைவிக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. கொயினா மருந்து கொடுத்தால் அடங்கும், நாலு நாளில் மறுபடி வரும். அவளுக்குக் குணமாகிறவரை நம் ஆட்கள் சமைத்த சைவச் சோறு தவிர வேறெதையும் இருவரும் தொடுவதில்லை என்று முருகனுக்கு நேர்ந்துகொண்டேன். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கடைசியில் ஈப்போ ஆஸ்பத்திரிக்கு ரயிலில் கூட்டிப்போனேன். இறங்கியதும் அவளால் நடக்க முடியவில்லை. ஸ்டேஷனுக்கு வெளியே மர நிழலில் இருந்த பலகையில் உட்கார வைத்தேன். மூன்று நாளாகத் தண்ணீர் தவிர எதையும் தொடாதவள், "என்னங்க, பசிக்குது" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பசி எடுத்துவிட்டால் பிழைத்துவிட்டாள் என்றுதானே நினைப்போம். சாப்பிட வைத்துத் தெம்பாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று முடிவு செய்தேன்.

பக்கத்திலேயே ஒரு சீனப் பெண் கஞ்சி விற்றுக்கொண்டிருந்தாள். என் மனைவியின் முகத்தைப் பார்த்துத் தானாகவே ஒரு கிண்ணம் எடுத்து வந்தாள்.

"வெள்ளைக் கஞ்சிதானேங்க" என்றாள் என் மனைவி.

"பன்னி வெந்த பானையா இருக்கும். வேண்டுதல் இருக்கு, மறந்துட்டியா?" என்று அதட்டினேன். அந்தச் சீனப் பெண்ணிடம் மலாயில் "தா மாவ், தா மாவ்" என்று கையை வீசினேன். வேண்டாம் என்பதைத் தன்மையாகவே சொல்லியிருக்கலாம். நாயை விரட்டுகிற மாதிரி விரட்டினேன்.

அவளை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டுச் சோறு தேடிக் கிளம்பினேன். எனக்குத் தெரிந்த கடையில் அன்று அடுப்பே பற்றவைக்கவில்லை. அடுத்த கடையில் கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தேன், காலையில் வடித்த சோறு. காய்ச்சல்காரிக்கு அதைக் கொடுப்பதா? இன்னும் நடந்தேன். மூன்றாவது கடையில் ரசம் அடுப்பில் இருந்தது. "ஒரு கொதி வரட்டும் அண்ணே, இருங்க" என்றான் சமையல்காரன். மிளகைக் கொஞ்சம் கூடுதலாகப் போடச் சொல்லி, நின்று வாங்கிக்கொண்டு திரும்பினேன். ஒரு மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது.

அவள் பலகையில் படுத்திருந்தாள். தலைக்குக் கீழே சீனப் பெண்ணின் துணி மடித்து வைக்கப்பட்டிருந்தது. கூப்பிட்டேன், கண் திறக்கவில்லை. ரிக்‌ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினேன். பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்றார் டாக்டர். ஒரு கிண்ணம் கஞ்சி அவளைக் காப்பாற்றியிருக்காது என்று எனக்கும் தெரியும். ஆனால் வெறும் வயிற்றோடு போனாளே. அதை எந்த டாக்டர் வந்து எனக்கு ஆற்றுவார்?

காரியமெல்லாம் முடிந்து, அவளோடேயே வந்துவிட்ட அந்தத் துணியைத் துவைத்து எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். சீனப் பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். துணியை வாங்கிக்கொண்டு, என் மனைவி எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். சொன்னேன். துணியை மறுபடி மடித்து வைத்தாள். பிறகு உடைந்த மலாயில் மெல்லச் சொன்னாள்:

"நீ போன பிறகு அவள் கை நீட்டிக் கேட்டாள். நீ திட்டுவாயே என்று பயந்து நான் கொடுக்கவில்லை."

அவளிடமே ஒரு கிண்ணம் வாங்கி அங்கேயே நின்று குடித்தேன். அரிசியும் உப்பும்தான். நன்றாகத்தான் இருந்தது.